அந்தப் பாயின் மூலையைத் தைத்தது நான்

மாதேஸ்வரி அக்கா, கூடப் பிறக்காமலே என் கூட உட்கார்ந்திருந்தவளே,

நீ போய் ஒரு வருஷமும் இரண்டு மாதமும் ஆகிறது. எல்லோரும் நன்றாக இருக்கிறோம். கடை நடக்கிறது. நாம் பாய் தைத்துக் கொடுத்த கப்பல் கடலில் ஓடுகிறது, அக்கா. அதில் உன் மகள் தேன்மொழி பதினாறு நாள் போய்வந்தாள். நானும் போய்வந்தேன். ஒகேனக்கல்லில் பரிசல் ஏறச் சொன்னால் கரையிலேயே உட்கார்ந்துகொள்கிறவள் நான். நீ சிரிப்பது எனக்குக் கேட்கிறது.

இதையெல்லாம் உன் படத்துக்கு முன்னால் நின்று சொல்லியாயிற்று. ஆனாலும் மனசு ஆறவில்லை. அந்தக் கப்பலில் நான் உனக்கு ஒரு தப்பு செய்தேன். அது நாற்பது பேர் பார்க்க நடந்தது. அதனால் நாலு பேர் படிக்கிற மாதிரியே உனக்கு எழுதுகிறேன்.

நம்மைத் தெரியாதவர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். நீயும் நானும் ஓரகத்திகள். அண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டவள் நீ, தம்பிக்கு வாழ்க்கைப்பட்டவள் நான். அதியமான்கோட்டையில் நெடுஞ்சாலையை ஒட்டி நம் குடும்பத்துக்கு லாரித் தார்ப்பாய்க் கடை. துணி வாங்குவது, லாரி மேல் ஏறி அளவெடுப்பது, கட்டிக்கொடுப்பது ஆண்கள் இருவரின் வேலை. தையல் முழுக்க நாம்தான்.

வந்த புதிதில் உன்னை ‘நீங்க’ என்றுதான் சொல்வேன். நான் தைத்ததை நீ பிரித்துப் போட்டு, “இன்னொருக்கா தெய்யி” என்பாய். ஒரு நாள் கோபத்தில், “அப்ப நீயே தெச்சுக்கோ” என்று சொல்லிவிட்டேன். நீ திரும்பிப் பார்த்தாய். “இப்பத்தான் வூட்டு மனுஷி மாதிரி பேசற” என்றாய். அதற்குப் பிறகு உன்னிடம் ‘நீங்க’ என் வாயில் வரவே இல்லை.

அந்த ஐப்பசி மழை உனக்கு ஞாபகம் இருக்கும். பெங்களூரிலிருந்து தூத்துக்குடிக்குப் போகிற லாரி ஒன்று தார்ப்பாய் கிழிந்து நம் கடை முன்னால் வந்து நின்றது. உள்ளே வெள்ளைத் துணி உருளைகள். நனையக் கூடாத சரக்கு. நீ பிளாஸ்டிக் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு லாரி மேலேயே ஏறிக் கோணி ஊசியால் தைத்தாய். சரக்கோடு வந்தவர் ஒரு டீயை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் உன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜெரால்டு என்று பேர். தூத்துக்குடிக்காரர். நீ இறங்கி வந்ததும், கடையில் மடித்து வைத்திருந்த பழைய பாய்களைப் புரட்டிப் பார்த்தார்.

“யம்மா, இந்த மூலையெல்லாம் யாரு தச்சா?”

“நாந்தான். எதுக்குங்க, பிரியுதா?”

“பிரியல. அதாம் கேக்கேன்.”

பிறகு செல்போனில் ஒரு படம் காட்டினார். துருப்பிடித்த பெரிய இரும்புக் கப்பல், மரம் ஒன்றும் இல்லாமல் மொட்டையாக. ஒரு காலத்தில் பாய்மரம் விரித்துக் கப்பல்காரப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்த கப்பலாம். ரொம்ப வருஷம் துறைமுகத்தின் ஒரு மூலையில் கிடந்ததை, வேலையிலிருந்து ஓய்வுபெற்ற சில கப்பல்காரர்கள் சேர்ந்து வாங்கி, பழையபடி பயிற்சிக்கு ஓட்டப் போகிறார்கள். பேர் ‘கொண்டல்’. கீழ்த்திசையிலிருந்து வீசுகிற காற்றுக்கு அவர்கள் ஊரில் அதுதான் பேர் என்றார். லாரியில் இருந்த துணி அதன் பாய்களுக்குத்தானாம்; கயிறும் பாயும் இவர் பொறுப்பு. பதினேழு பாய் வேண்டும். எங்கே கேட்டாலும் இரண்டு வருஷம் காத்திருக்கச் சொல்கிறார்கள்.

“தார்ப்பாய் தெக்கறவங்க நாங்க. கப்பல நாங்க கண்ணால கண்டதில்லீங்க” என்றாய் நீ.

“கப்பல நாம் பாத்துக்கிடுதேன். நீங்க துணியப் பாருங்க.”

கண்ணால் காணாமல் நீ கை வைப்பாயா? அடுத்த வாரமே இரண்டு பேரும் பஸ் ஏறித் தூத்துக்குடி போனோம். அவர் காட்டியது பழைய படமாம், அதற்குள் கப்பலின் அழுகிய தகடுகளை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்திருந்தார்கள். மூன்று மரங்களும் நட்டாகிவிட்டது. முன்னால் இருக்கிற இரண்டு மரங்களிலும் குறுக்கே நாலு நாலு கட்டைகள். அவற்றுக்குப் பருமல் என்று பேர் சொன்னார்கள். பருமலில் சதுரப் பாய் தொங்கும். பின்மரத்தில் மட்டும் கதவு மாதிரி பக்கவாட்டில் திரும்புகிற பாய். மரங்களுக்கு நடுவே முக்கோணப் பாய்கள். நான் அண்ணாந்து பார்த்தேன். கழுத்து வலித்தது.

நீ கேப்டனிடம் கேட்ட முதல் கேள்வியே அதுதான். “இத்தன உசரம் மரம் நட்டா கவுந்துக்காதாங்க?”

அவர் கேரளத்துக்காரர். சிரிக்கவில்லை. டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு நம்மை அடித்தளத்துக்குக் கூட்டிப்போனார். கப்பலின் வயிற்றில், நடுமுதுகெலும்பை ஒட்டி, வரிசை வரிசையாக இரும்புக் கட்டிகள். மேலே காற்று எவ்வளவு சாய்த்தாலும் கீழே இருக்கிற கனம் நிமிர்த்திவிடும் என்றார். அறைக்கும் அறைக்கும் நடுவே முழு இரும்புச் சுவர். ஓர் அறையில் தண்ணீர் புகுந்தாலும் அடுத்த அறை காய்ந்தே இருக்கும். சமையல் அடுப்பைச் சுற்றிக் கம்பி வேலி, பாத்திரம் நழுவாமல் இருக்க. முன்பு பிள்ளைகள் தொட்டில் கட்டித் தூங்கிய இடத்தில் இப்போது இரண்டு அடுக்குக் கட்டில். பெண்களுக்கு என்று கப்பலின் பழைய வரைபடத்தில் இல்லாத ஓர் அறையைப் புதிதாகப் போட்டிருந்தார்கள். எட்டுக் கட்டில். நீ அந்த அறையில் ஒரு கட்டிலைத் தொட்டுப் பார்த்தாய். என்ன நினைத்தாய் என்று நான் கேட்கவில்லை.

“எஞ்சின் இருக்குதில்ல, அப்பறம் எதுக்குங்க கையால கயிறு இழுக்கணும்?” என்று கேட்டாய்.

“மோட்டார் இழுத்தால் மோட்டாருக்குத்தான் பயிற்சி” என்றார் கேப்டன்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது சேலம் வரை நீ விரலால் மடியில் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தாய். அப்புறம், “தெச்சுருவோம் கோகிலா” என்றாய்.

தார்ப்பாய் தட்டையாக இருந்தால்தான் சரி. கப்பல் பாய் தட்டையாக இருக்கக் கூடாது, காற்றைப் பிடிக்க அதற்கு ஒரு வயிறு வேண்டும். அதற்காக ஒவ்வொரு துண்டின் ஓரத்தையும் மெல்லிய வளைவாக வெட்ட வேண்டும் என்பது நமக்குப் புரியவே இரண்டு மாதம் ஆயிற்று. விரித்துப் பார்க்க இடம் இல்லை. ஆடி மாதம் கல்யாண மண்டபம் காலியாகத்தானே இருக்கும் என்று நீதான் போய்ப் பேசினாய். மணமேடையிலிருந்து பந்தி நடக்கிற இடம் வரை ஒரே பாய். வாட்ச்மேன் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, “யாருக்குங்க கல்யாணம், யானைக்கா?” என்றார்.

உன் வழக்கம் ஒன்று உண்டு. ஒரு மூலையைத் தைக்க உட்காரும்போதே அங்கே சிவப்பு நூலில் சின்னதாக ஒரு பெருக்கல் குறி போட்டுவிடுவாய். பிறகு யாராவது குறை சொன்னால் யார் கை என்று தெரியட்டும் என்பாய். என்னையும் போடச் சொன்னாய். நான் போட்டதே இல்லை.

மார்கழியில் ஒரு காலை நெஞ்சை அடைக்கிறது என்றாய். தண்ணீர் கொண்டுவந்தேன். நீ குடிக்கவில்லை. உன் வீட்டுக்காரர், பெரிய மாமா, வண்டியை எடுத்து, தர்மபுரி போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அதைப் பற்றி எழுத எனக்குத் தெம்பு இல்லை அக்கா. வேலையைப் பற்றி எழுதுகிறேன்.

மூன்று பாய் மிச்சம் இருந்தது. அதில் ஒன்று முன்மரத்தின் மேல்பாய். அதன் இடது மூலையில் உன் சிவப்புக் குறி இருந்தது. இரும்பு வளையத்தை வைத்துப் பாதி வட்டம் தைத்திருந்தாய். மெழுகு தடவிய இரட்டை நூல், நெருக்கமான குத்து. காரியம் முடிந்த மறுநாள் மீதிப் பாதியை நான் எடுத்தேன். தேதி நெருங்கிவிட்டது. கண் ததும்பிக்கொண்டே இருந்தது. இரட்டை நூலை ஒற்றை ஆக்கினேன். குத்துக்குக் குத்து ஒரு விரல் விட்டேன். மேலே தோல் வைத்து மூடினால் எதுவும் தெரியாது. மூடினேன். அதை நான் மறந்துவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். ஞாபகம் இருந்தது. ஒன்றும் ஆகாது என்று நினைத்தேன்.

அடுத்து தேன்மொழி கதை. உன் மகள் டிப்ளமோ முடித்துவிட்டாள். கொண்டலின் முதல் பயிற்சிப் பயணத்துக்குப் பிள்ளைகளைச் சேர்க்கிறார்கள் என்று ஜெரால்டு அண்ணன் போனில் சொன்னதைக் கேட்டு, யாரிடமும் சொல்லாமல் மனு போட்டு, எழுத்துத் தேர்வு எழுதி, நீச்சல் தேர்வுக்காகப் பாலக்கோட்டில் சிநேகிதி வீட்டுக் கிணற்றில் கற்றுக்கொண்டு தேறியும் விட்டாள். பெரிய மாமாவிடம் கடிதத்தைக் கொடுத்தாள். அவர் இரண்டு தடவை படித்தார்.

“பொண்ண தனியா கடலுக்கு அனுப்பிட்டு நான் இங்க எப்படிம்மா சோறு திங்கறது?”

“தனியா இல்லப்பா. நாப்பது பேரு.”

“நாப்பது பேருல நம்ம ஆளு யாரு?”

அவள் என்னைப் பார்த்தாள். முதல் பயணத்தில் பாய்களைக் கவனிக்கத் தையல் தெரிந்த ஓர் ஆள் வேண்டும் என்று ஜெரால்டு அண்ணன் கேட்டுக்கொண்டே இருந்தார். நான் தட்டிக்கழித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பார்வைக்கு அப்புறம் தட்ட முடியவில்லை. என் வீட்டுக்காரர் மட்டும், “நீ போயி வாந்தி எடுக்கறதுக்கா அவங்க சம்பளம் குடுக்கறாங்க?” என்றார். முதல் இரண்டு நாள் அவர் சொன்னதுதான் நடந்தது.

இந்த வருஷம் பொங்கல் முடிந்து தூத்துக்குடியில் ஏறினோம். கன்னியாகுமரியைச் சுற்றிக் கொச்சி வரை போய்த் திரும்ப வேண்டும். மூன்றாம் நாள் எனக்குத் தலை நின்றது. அதன் பிறகு பார், அக்கா, அந்த வாழ்க்கை எனக்குப் பிடித்துப்போயிற்று.

நாற்பது பேரையும் மூன்று அணியாகப் பிரித்துவிட்டார்கள். நாலு மணி நேரம் வேலை, எட்டு மணி நேரம் விடுதலை. அந்த விடுதலையில்தான் சாப்பாடு, தூக்கம், துவைப்பது, பாடம், பித்தளை துடைப்பது எல்லாம். மணி அடித்து அணி மாறும். நூற்றுக்கும் மேல் கயிறுகள், ஒவ்வொன்றும் ஓரத்துப் பலகையில் அதற்கென்று இருக்கிற முளையில் சுற்றியிருக்கும். பிள்ளைகளின் கண்ணைக் கட்டிவிட்டு ஜெரால்டு அண்ணன் ஒரு கயிற்றின் பேரைச் சொல்வார். நடந்துபோய்த் தொட வேண்டும். நாலாம் நாளே தேன்மொழி ஒன்றுகூடத் தப்பாமல் தொட்டாள். குளிக்க ஒருவருக்கு ஒரு பக்கெட். சாம்பார்ப் பாத்திரம் எப்போதும் பாதிதான் நிரம்பியிருக்கும், மீதிப் பாதி ஆட்டத்துக்கு. நான் கொண்டுபோன கேழ்வரகு மாவில் களி கிண்டப் போனேன். சமையல்காரர் என் இடுப்பில் ஒரு பட்டையைக் கட்டி அடுப்புக் கம்பியோடு மாட்டிவிட்டார். அப்படிக் கட்டிப்போட்டு யாரும் என்னைக் களி கிண்ட வைத்ததில்லை.

தூங்கும்போது உருண்டு விழாமல் இருக்கக் கட்டிலின் ஓரத்தில் ஒரு துணித் தடுப்பு கட்டியிருக்கும். அதுவும் நம் கடையில் தைத்ததுதான். அந்தப் பக்கம் சாய்ந்தால் துணி தாங்கும், இந்தப் பக்கம் சாய்ந்தால் சுவர் தாங்கும். எனக்கு அணியத்தில், கப்பலின் மூக்குப் பக்கம், பாய் வைக்கிற அறையைக் கொடுத்திருந்தார்கள். ஊசி தள்ளுகிற தோல் பட்டையை உள்ளங்கையில் மாட்டிக்கொண்டு அங்கே உட்கார்ந்து தைத்தால் தண்ணீர் இரண்டு பக்கமும் உரசிக்கொண்டு போகிற சத்தம் கேட்கும். ஆள் உயரத்துக்கு வெளியே கடல். எனக்குப் பயமே இல்லை. ஏன் இல்லை என்று இப்போதும் யோசிக்கிறேன்.

ஆறாம் நாள் மத்தியானம் கன்னியாகுமரியைத் தாண்டினோம். அங்கே காற்று மலைக்கு நடுவிலிருந்து திடீரென்று அடிக்கும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். அடித்தது. கப்பல் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. மேல்பாய்களைச் சுருக்கச் சொல்லிக் கேப்டன் உத்தரவு போட்டார். முன்மரத்தில் ஜெரால்டு அண்ணனும் ஐந்து பிள்ளைகளும் ஏறினார்கள். அதில் தேன்மொழி ஒருத்தி. பருமலுக்குக் கீழே தொங்குகிற கயிற்றில் கால் வைத்து, வயிற்றைப் பருமலில் அழுத்தி, இடுப்புப் பட்டையைக் கம்பியில் மாட்டிக்கொண்டு நின்றார்கள். கீழே நாங்கள் ஏழெட்டுப் பேர், பாயின் மூலையை மேலே தூக்குகிற கயிற்றைப் பிடித்து இழுத்தோம். நானும் இழுத்தேன் அக்கா. என் இந்த இரண்டு கையாலும்.

பாதி தூரம் போயிருக்கும். கயிறு சட்டென்று இலேசாகிவிட்டது. நாங்கள் எல்லோரும் பின்னால் விழுந்தோம். வளையம் துணியைப் பிய்த்துக்கொண்டு கயிற்றோடு மேலே வீசிப் பறந்தது. பாய் அறுபட்டு அடிக்கிற சத்தம், லாரி டயர் வெடிக்கிற மாதிரி ஒன்றன் பின் ஒன்றாக. நிமிர்ந்து பார்த்தேன். இடது கோடியில் நின்றவள் ஒரு கையால் மட்டும் பருமலைக் கட்டிக்கொண்டிருந்தாள். அது நம் தேன்மொழி.

ஜெரால்டு அண்ணன் பக்கவாட்டில் நகர்ந்துபோய் அவளைத் தன் உடம்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். கேப்டன் கப்பலைத் திருப்பிக் காற்றை விலக்கினார். பாய் ஓய்ந்தது. அரை மணி நேரத்தில் எல்லோரும் கீழே வந்துவிட்டார்கள். அவளுடைய இடது முழங்கைக்குக் கீழே வளையம் பட்டிருந்தது. வீங்கி நீலமாகிவிட்டது, ஆனால் எலும்புக்கு ஒன்றும் இல்லை என்று கப்பல் டாக்டர் சொன்னார். “சித்தி, எனக்கு ஒண்ணும் இல்ல, நீ எதுக்கு நடுங்கற?” என்றாள்.

ஜெரால்டு அண்ணன் கிழிந்த மூலையைக் கொண்டுவந்து பலகையில் போட்டார். தோலை விலக்கினார். உன் சிவப்புக் குறி தெரிந்தது.

“இது உங்க அக்கா தச்சதுல்லா?”

கேப்டன் இருந்தார். பிள்ளைகள் சுற்றி நின்றார்கள். நான் ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. பாயைப் பார்த்துக்கொண்டு நின்றேன். உன் பாதி வட்டம் அப்படியே இருந்தது, ஒரு குத்துகூட விடவில்லை. என் பாதிதான் பிய்ந்திருந்தது. தையல் தெரிந்த கண் அங்கே என்னைத் தவிர ஜெரால்டு அண்ணனுக்கு மட்டும்தான். அவரும் குறியைத்தான் பார்த்தார். கேப்டன் தலையசைத்துவிட்டுப் போய்க் கப்பல் குறிப்பேட்டில் எழுதினார்: முன்மரத்து மேல்பாய், இடது மூலை, காலஞ்சென்ற மாதேஸ்வரி தைத்தது, விட்டுவிட்டது.

ஏன் பேசாமல் இருந்தேன்? கடையின் பேர் போய்விடும் என்றா? ஆனால் அந்தப் பேரில் பாதி உன்னுடையது. நீ திரும்பி வந்து கேட்க மாட்டாய் என்றா? அப்படித்தான் இருக்க வேண்டும். இதை எழுதவே கூசுகிறது.

அன்று சாயந்திரம் சாப்பிடும்போது தேன்மொழி என் எதிர்ப் பலகையில் இருந்தாள். அவளோடு பருமலில் நின்ற பெண் ஒருத்தி பக்கத்தில். தேன்மொழி அவளிடம் சன்னமாகச் சொன்னாள்: “மன்னிச்சுக்கங்க. எங்கம்மாவுக்கு அப்ப ஒடம்பு சரியில்ல. இல்லன்னா அவங்க அப்டி தெக்க மாட்டாங்க.”

உனக்கு அப்போது உடம்புக்கு ஒன்றும் இல்லை. கடைசி நாள் வரை நீ மணி மாதிரி இருந்தாய். உன் மகள் உனக்காக ஒரு பொய்யைத் தேடி எடுத்து, ஆறே நாள் பழகிய பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டாள். வீங்கின கையோடு. என் தட்டில் இருந்த சோற்றை நான் கடலில் கொட்டினேன்.

காலையில் அணி மாறுவதற்கு முன்னால் எல்லோரையும் நடுத்தளத்தில் வரிசையாக நிறுத்துவார்கள். அன்றைக்கு நான் போய்க் கேப்டன் பக்கத்தில் நின்றேன். என் குரல் இவ்வளவு பெரிசு என்று எனக்கே தெரியாது.

“நேத்துக் கிழிஞ்ச மூலைய எங்கக்கா தெக்கலீங்க. அவ தெச்ச பாதி அப்படியே இருக்குது, போயிப் பாருங்க. பிஞ்ச பாதிய நான் தெச்சேன். இரட்ட நூலு போடணும், ஒத்த நூலு போட்டேன். தெரிஞ்சேதான் போட்டேன். நேத்து கேட்டப்ப வாயத் தொறக்கல. அதுவும் தப்பு.”

ஜெரால்டு அண்ணன்தான் முதலில் பேசினார். “நேத்தே சொல்லிருக்கலாம்லா?”

“சொல்லியிருக்கலாம்ண்ணா.”

“நானும் குறியப் பாத்தேனே தவிர தையலப் பாக்கல” என்று சொல்லிவிட்டு அவர் தொப்பியைக் கழற்றி மறுபடியும் போட்டுக்கொண்டார்.

கேப்டன் என்னைக் குறிப்பேட்டுக்கு முன்னால் உட்காரவைத்தார். எழுதினதை அடித்துவிடுங்கள் என்றேன். கப்பல் குறிப்பேட்டில் எதையும் அடிக்கக் கூடாதாம். தப்பு இருந்தால் கீழே சரியானதை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். தமிழிலேயே எழுதலாமா என்று கேட்டேன். எழுதுங்கள் என்றார். உன் பேரை முதலில் எழுதி, உன் தையலில் குறை இல்லை என்று எழுதி, அதன் கீழே என் பேரை எழுதினேன். அவரும் கையெழுத்துப் போட்டார். பிறகு கேட்டார்: “வேறு எந்தப் பாயில் இப்படி இருக்கிறது?”

“தெரியலீங்க. பதினேழையும் பாக்கறேன்.”

“பாருங்கள். அதுவரை அவற்றை முழுக்க விரிக்க மாட்டேன்.” இறங்கிப் போகச் சொல்வார் என்று நினைத்தேன். சொல்லவில்லை. அதைவிடப் பெரிய வேலையைக் கொடுத்தார்.

தேன்மொழி ஒரு நாள் முழுக்க என்னிடம் பேசவில்லை. நான் பாய் அறையில் மூலை மூலையாகத் தோலைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாள் மத்தியானம் கதவைத் திறந்துகொண்டு வந்தாள். ஒரு கையால் நூலுக்கு மெழுகு தடவ ஆரம்பித்தாள். அந்த நூல் முடிந்ததும்,

“ஏன் சித்தி சொல்லல?” என்றாள்.

“பயம்.”

“எதுக்கு?”

“கடைப் பேரு கெட்டுப்போயிரும்னு.”

“எங்கம்மா பேரு?”

நான் ஊசியைக் கீழே வைத்தேன். “அது என்ன பண்ணுனாலும் கெடாதுன்னு நெனச்சிட்டேன். தப்புடி சாமி.”

அவள் அழவில்லை. நான்தான் அழுதேன். நூலை நீட்டினாள். “இந்தா. இரட்டையாப் போடு” என்றாள். உன் குரல் அக்கா. அதே அதட்டல்.

இரண்டு நாள் இரண்டு பேரும் தைத்தோம். என் கை தைத்ததில் இன்னும் இரண்டு இடங்கள் பலவீனம். நானே கண்டுபிடித்து நானே போய்ச் சொன்னேன். உன் கை பட்ட இடத்தில் ஒன்றுகூட இல்லை. கொச்சிக்கு ஒரு நாள் தூரத்தில் முன்மரத்து மேல்பாயை மறுபடியும் ஏற்றினார்கள். காற்று நிறைந்து பாய் வயிறு வைத்து நின்றதைப் பார்த்தேன். அந்த வளைவை நீ கல்யாண மண்டபத்தில் முழங்காலில் ஊர்ந்து ஊர்ந்து கோடு போட்டாய். அது தொங்கும்போது எப்படி இருக்கும் என்று உனக்குக் காட்டவில்லையே என்று இருந்தது. காட்ட முடியாததை இப்படி எழுதுகிறேன்.

திரும்பும் வழியில் ஒரு காலை ஜெரால்டு அண்ணன் சுக்கானை என் கையில் கொடுத்தார். ஆள் உயரச் சக்கரம். “திசைகாட்டியப் பாக்காதீங்க, பாயோட ஓரத்தப் பாருங்க. அது நடுங்குனா சொல்லுங்க, எந்தப் பக்கம் திருப்பணும்னு” என்றார். நான் சொன்னேன். சரியாகத்தான் சொன்னேன். அரை மணி நேரம் அவ்வளவு பெரிய கப்பலை நான் ஓட்டினேன், அக்கா. யாராவது நம்புவார்களா என்று கவலை இல்லை, நீ நம்பினால் போதும்.

தூத்துக்குடியில் பெரிய மாமா காத்துக்கொண்டிருந்தார். தக்காளி லோடு இறக்க வந்த பாலக்கோட்டு லாரியில் தொற்றிக்கொண்டு வந்துவிட்டாராம். கப்பலிலிருந்து இறங்கினதும் முதல் வேலையாக அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மகளின் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என்னையும் பார்த்தார்.

“அவ இருந்திருந்தா உன்ன நல்லாத் திட்டியிருப்பா. எனக்கு அந்த மாதிரி திட்டத் தெரியாதும்மா” என்றார். மகளின் பெட்டியை வாங்கிக்கொண்டு, “சாப்ட்டீங்களா ரெண்டு பேரும்?” என்றார்.

பிறகு தேன்மொழி அவரைக் கப்பலுக்குக் கூட்டிப்போனாள். வலிக்கிற கையோடு மரத்தில் ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால், கீழே நின்றே ஒவ்வொரு பருமலாகக் காட்டினாள். அவர் பெண்கள் அறைக்குள் எட்டிப் பார்த்து, கட்டில் ஓரத்துத் துணியை இழுத்துப் பார்த்தார். தார்ப்பாய்க்காரர் அல்லவா. திரும்பும்போது அவராகவே, “அடுத்தது எப்பம்மா போறாங்க?” என்று கேட்டார்.

இனி நடக்கப்போவதைச் சொல்கிறேன். இரண்டாவது செட் பாய் தைக்கும் வேலை நமக்கே வந்திருக்கிறது. கேப்டன் கடிதத்தில் ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார்: தைத்தவரே கப்பலில் வர வேண்டும். நான் சம்மதம் என்று எழுதிவிட்டேன். என் வீட்டுக்காரர் வாந்தியைப் பற்றி இப்போது பேசுவதில்லை. தேன்மொழி கப்பல் அதிகாரிக்கான படிப்பில் சேரப் போகிறாள். ஆனி மாதம் கல்லூரி திறக்கிறது. நேர்முகத் தேர்வில், எதற்குக் கடல் என்று கேட்டார்களாம். “அங்க ஏறி நின்னப்ப எனக்குப் பயமா இருந்துச்சு, ஆனா எறங்கணும்னு தோணல” என்று சொன்னாளாம். நல்ல பதில்தானே?

உன் மகளைப் பெட்டியோடு கொண்டுபோய் அந்தக் கல்லூரி வாசலில் நான் விடுவேன் அக்கா. அவளுடைய முதல் சம்பளக் கப்பல் எந்தத் துறைமுகத்தில் நின்றாலும் போய்ப் பார்ப்பேன். எவராவது, எங்கேயாவது, எதையாவது காட்டி இது யார் வேலை என்று கேட்டால், அவர்கள் கேட்டு முடிப்பதற்குள் சொல்லிவிடுவேன். இது உனக்குக் கொடுக்கிற வாக்கு.

என்றும் உன் ஓரகத்தி,
தேன்மொழியின் சித்தி,
கோகிலா
அதியமான்கோட்டை